தேங்காய்ப் பருப்பைச் சேர்ந்து விற்பது எப்படி?

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பத்துத் தோட்டக்காரர்கள் கூடித் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) விற்கத் தீர்மானித்தால், உடனே பதிவுக்காக ஆடிட்டரைத் தேடிப் போகிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவது வேலை. யார் எந்த வியாபாரியிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிவைப்பதே முதல் வேலை. முன்பணம் வாங்கியவரின் பருப்பு, அவர் மனம் எங்கிருந்தாலும், கடன் கொடுத்தவரின் குடோனுக்கே போகும்.

அடுத்தது எடையும் ஈரமும். அவரவர் பருப்பை எல்லோரும் பார்க்க ஒரே தராசில் நிறுத்து, ஈரப்பதமானியில் அளந்து, இரண்டையும் அவருடைய அட்டையில் குறித்துக் கையொப்பம் வாங்க வேண்டும். அரசு ஆதார விலைக்கு வாங்கும் அரவைக் கொப்பரையில், அதாவது எண்ணெய் ஆட்டும் பருப்பில், ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், குழுவும் அதையே அளவாகக் கொள்ளலாம். முகதாட்சண்யத்துக்காக ஈரப் பருப்பு ஒரு மூட்டையைக் கலந்துவிட்டால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வியாபாரிகள் விலையை மறைத்து எழுதித் தரும் மறைமுக ஏலத்தில் மொத்தக் குவியலுக்கும் விலை இறங்கும். தலைவரின் மூட்டையாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

பிறகு பதிவு. போதிய உறுப்பினர்கள் சேர்ந்தால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன்கீழ் சங்கமாகலாம். அல்லது கம்பெனிகள் சட்டத்தின்கீழ், 10 உற்பத்தியாளர்களும் குறைந்தது 5 இயக்குநர்களும் கொண்ட உற்பத்தியாளர் நிறுவனமாகலாம். இரண்டிலும் தனி உறுப்பினருக்கு, பங்கு எத்தனை இருந்தாலும், ஒரே வாக்கு.

உபரியைப் பங்கிடுவதில்தான் இது சாதாரணக் கம்பெனியிலிருந்து பிரிகிறது. பங்கு முதலுக்கு அளவான ஈவு தந்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்த சரக்கின் அளவுப்படி பிரிக்க வேண்டும். 300 குவிண்டாலுக்கு 60,000 ரூபாய் மிஞ்சினால் குவிண்டாலுக்கு 200, பன்னிரண்டு குவிண்டால் தந்தவருக்கு 2,400 ரூபாய். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய கடையும், வாங்கிய சரக்கின் அளவுப்படியே உபரியைத் திருப்பித் தந்தது.

களத்தில் காய் உடைத்துப் பருப்பு எடுக்கும் பெண்களுக்கு இதில் இடமில்லையென்றால், அது தோட்டக்காரர் சங்கம் மட்டுமே. விளைபொருளோடு தொடர்புள்ள எந்தச் செயலில் ஈடுபடுபவரையும் உற்பத்தியாளராகக் கம்பெனிகள் சட்டம் ஏற்பதால், அவர்களையும் உறுப்பினராக்க முயலுங்கள். அவர்கள் உழைப்புக்கு உபரியில் எவ்வளவு என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். அந்தக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் அவர்கள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும்; களவேலை முடிந்து, ஆறு மணிக்கு மேல் வையுங்கள்.