செட்டிநாட்டு வீட்டின் பராமரிப்புச் செலவு: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறாண்டு கண்ட செட்டிநாட்டு வீட்டுக்குச் செலவுக் கணக்குப் போடுபவர்கள் செய்யும் பெருந்தவறு, கூரை ஒழுகத் தொடங்கிய பிறகு நோட்டை எடுப்பதுதான். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள நாட்டு ஓட்டுக் கூரையில், குரங்கு நகர்த்திவிட்ட ஒரேயொரு ஓட்டின் வழியே ஐப்பசி மழை உள்ளே இறங்கி, உத்தரத்தின் மேல்முகத்தை நனைத்து, சுவருக்குள் செருகியிருக்கும் அதன் முனையில் போய்த் தங்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு உள்ளங்கை அகலப் பழுப்புக் கறை மட்டுமே தெரியும். சில மழைக்காலம் அப்படியே விட்டால், பர்மாத் தேக்கே ஆனாலும் அந்த முனை உளுத்துவிடும். புரட்டாசியில் ஓடு மாற்றுபவருக்குக் கூலி கொடுத்து முடித்திருக்கக்கூடிய வேலை, உத்தரத்தையே மாற்றும் வேலையாகிவிடும். அத்தகைய மரத்துக்கு இன்று எங்கே போவது?

சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி மிச்சம் பிடிக்க நினைப்பதும் இதே அளவு தீங்கானது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். முதல் சில ஆண்டுகள் சுவர் பளிச்சென்று இருப்பதால் கணக்கில் இலாபம் போலவே தோன்றும். பிறகு உப்புப் பூத்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் பொடியத் தொடங்கும். சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்தே பெயர்ந்து வரும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் விலை கேட்டு, முப்பதாண்டுச் செலவாக வைத்தே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இன்றைய கூலியையே வருங்காலத்துக்கும் எழுதிவைப்பவர்கள் உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்று 10 இலட்சம் ஆகும் வேலைக்கு 12 ஆண்டில் ஏறத்தாழ 20 இலட்சம் தேவைப்படும். கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற முறை இருப்பதால் திருப்பணியும் அதையொட்டி நடந்துவிடுகிறது. வீட்டுக்கு அப்படியொரு தவணையை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

பங்காளிகள் பல ஊர்களில் இருக்கும் வீட்டில், உடைந்த பிறகு ஆளுக்கு ஆள் தொலைபேசியில் கேட்டுப் பணம் திரட்டுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிக் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டிப் பழகியவர்களுக்கு, வீட்டுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று எழுதி ஒப்பி, ஆண்டுதோறும் கூட்டு வங்கிக் கணக்கில் செலுத்துவது புதிதல்ல. அந்தப் பணத்தைத் திருமணச் செலவுக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ எடுப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது.