புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வரும் பயணம்: வசதி குறைந்த குடும்பங்கள் திட்டமிடுவது எப்படி?

நோய் கண்டறியப்பட்டு, சிகிச்சையும் தீர்மானிக்கப்பட்டு, அதற்கான செலவையும் அரசோ காப்பீடோ ஏற்றுக்கொண்ட பிறகும், மருத்துவமனைக்குப் போய்வர வழியில்லை என்ற ஒரே காரணத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடும் புற்றுநோயாளிகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். பயணச் சிக்கலைக் குடும்பத்தின் சொந்தப் பிரச்சினையாக எண்ணி மருத்துவரிடம் மறைப்பவர்களே அவர்களில் பலர். வண்டிக்குப் பணமில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொன்னால் சிகிச்சை தரமாட்டார்களோ என்றும் அஞ்சுகிறார்கள். ஆனால் மருத்துவரிடம் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய தகவல்களில் இதுவும் ஒன்று. எத்தனை முறை வரவேண்டும், எந்த நேரத்தில் வரவேண்டும், எந்தப் பரிசோதனையை எங்கே செய்துகொள்ளலாம் என்பவற்றில் பலவற்றை மருத்துவக் குழுவால் மாற்றியமைக்க முடியும். சிகிச்சை அட்டவணை முடிவாகும் முன்பே சொன்னால்தான் அது எளிது.

முதலில் பயணங்களை எண்ணுங்கள்

சிகிச்சையின் வகையைப் பொறுத்துப் பயணத்தின் சுமை பெரிதும் வேறுபடும். கீமோதெரபி பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறையோ, இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறையோ தரப்படுகிறது. கதிர்வீச்சு சிகிச்சை பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் நடக்கும். சில புற்றுநோய்களுக்கு அது ஆறு ஏழு வாரங்கள் வரை நீளும். ஒவ்வொரு நாளும் கருவியின் கீழ் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்றாலும், அதற்காகத் தினமும் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கலாம். இவற்றோடு, கதிர்வீச்சு தொடங்கும் முன் எடுக்கப்படும் திட்டமிடல் ஸ்கேன், ஒவ்வொரு கீமோவுக்கும் முந்தைய இரத்தப் பரிசோதனை, இடையிடையே மருத்துவரைப் பார்க்க வரும் நாட்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எந்தெந்த நாளில் நோயாளி தனியாகப் போய்வர முடியும், எந்த நாளில் துணை கட்டாயம் வேண்டும் என்பதையும் மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டு அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கீமோ நாளில் ஒவ்வாமையைத் தடுக்கத் தரப்படும் சில மருந்துகள் கடும் தூக்கத்தை வரவழைக்கும். ஆகவே அன்று நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுத்துக்கொள்பவர்களும், வலிப்பு வரக்கூடிய மூளைக் கட்டி உள்ளவர்களும் வண்டி ஓட்டுவது பற்றி மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பயணங்களைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்

வாகனம் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. எனினும் பலருக்கும் இது தோன்றுவதே இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் கதிர்வீச்சு மருத்துவத்தில் ஏற்பட்ட பெரிய மாற்றங்களில் ஒன்று, ஒரு நாளுக்குரிய அளவைச் சற்றுக் கூட்டி, மொத்த நாட்களைக் குறைக்கும் முறை பரவியிருப்பதாகும். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு ஐந்து வாரம் தரப்பட்ட கதிர்வீச்சு, பல நோயாளிகளுக்கு மூன்று வாரங்களில் 15 அமர்வுகளாகச் சுருங்கியது. அதையும் ஒரே வாரத்தில் ஐந்து அமர்வுகளாக முடிக்கலாம் என்பதைப் பிரிட்டனில் நடந்த ‘ஃபாஸ்ட்-ஃபார்வர்டு’ ஆய்வு 2020-இல் வெளியான ஐந்தாண்டு முடிவுகளில் காட்டியது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஏழரை வாரத்துக்குப் பதிலாக நான்கு வாரச் சிகிச்சை இப்போது பரவலாகத் தரப்படுகிறது. எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்கப் பலருக்கு ஒரே ஓர் அமர்வே போதுமானது. இவை எல்லோருக்கும் பொருந்துபவை அல்ல. நோயின் நிலையும் இடமும்தான் அதை முடிவு செய்கின்றன. ஆனால் “எனக்குக் குறைந்த நாட்களில் முடியும் முறை ஏதேனும் பொருந்துமா?” என்று கேட்பதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு.

கீமோவிலும் இத்தகைய வாய்ப்புகள் உள்ளன. சில புற்றுநோய்களுக்கு இரத்தக் குழாய் வழியே ஏற்றும் மருந்துக்கு மாற்றாக வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை உண்டு. பரிசோதனை முடிவுகளைப் பற்றிப் பேச மட்டும் வரச் சொல்லும் நாட்களைத் தொலைபேசி அல்லது காணொலி ஆலோசனையாக மாற்றும்படி கேட்கலாம்.

வீணாகும் பயணங்கள் பலவற்றை இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்வதால் தவிர்க்க முடியும். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் கீமோ அன்று தரப்படாமல் தள்ளிவைக்கப்படும். நெடுந்தூரம் வந்த பிறகு அதை அறிந்து திரும்பிப் போகும் குடும்பங்கள் அடுத்த முறை வருவதற்கே தயங்குகின்றன. ஆகவே வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்வகத்திலோ சுகாதார நிலையத்திலோ முந்தைய நாளே இரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவமனைக்கு அனுப்பி, “புறப்படலாம்” என்று அவர்கள் சொன்ன பின்பே கிளம்பும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். கதிர்வீச்சுக் கருவி பழுதாகும் நாட்களும் உண்டு என்பதால், அந்தப் பிரிவின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் எண்ணோடு இன்னொருவர் எண்ணையும் அங்கே கொடுத்து வையுங்கள்.

நேரத்தை வண்டிக்கு ஏற்ப அமையுங்கள்

தினசரிக் கதிர்வீச்சுக்குத் தரப்படும் நேரம் மாற்ற முடியாத ஒன்றல்ல. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும், துணைக்கு வருபவரின் வேலை நேரத்தையும் சொல்லி, ஒவ்வொரு நாளும் அதே நேரம் கிடைக்கும்படி கேளுங்கள். ஒரே திசையிலிருந்து வரும் வேறு நோயாளிகள் இருந்தால், அவரவர் ஒப்புதலுடன் அடுத்தடுத்த நேரம் பெற்று ஒரே வண்டியில் வந்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படி வரும்போது கீமோ பெறுபவர்களின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் என்பதை மறக்காமல், முகக் கவசம் அணிந்து சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். காய்ச்சல், சளி உள்ள எவரும் அன்று அந்த வண்டியில் ஏறக் கூடாது.

தினமும் போய்வரும் தூரம் உடலைக் கசக்குமானால், சிகிச்சை முடியும்வரை மருத்துவமனைக்கு அருகே தங்குவதே பல வேளைகளில் செலவும் அலைச்சலும் குறைந்த வழியாகும். நோயாளிகளுக்கும் உடனிருப்பவர்க்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தங்கும் இடம் தரும் அறநிலையங்களும் சமய அமைப்புகளும் பெரிய புற்றுநோய் மையங்களைச் சுற்றிப் பெரும்பாலும் இருக்கின்றன. இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், சிகிச்சைத் தேதி உறுதியான அன்றே விண்ணப்பிக்க வேண்டும்.

உதவியை எங்கே கேட்பது?

மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமிருந்து தொடங்குங்கள். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் தலைமைச் செவிலியரிடம் கேளுங்கள். பயண உதவித் திட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் துணைவரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. அதற்கு மருத்துவமனை உரிய படிவத்தில் சான்று தர வேண்டும். அமெரிக்காவில் குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் பயனாளிகளுக்கு, வேறு வழியில்லாதபோது மருத்துவமனைப் பயணத்துக்கு வாகன வசதி உண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தன்னார்வலர்கள் நோயாளிகளைத் தம் சொந்த வண்டியில் அழைத்துச் செல்கிறார்கள். இங்கிலாந்தில் குறைந்த வருமானத்தினர் பயணச் செலவைத் திரும்பப் பெறும் திட்டம் இருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும், இத்தகைய உதவிகளுக்குப் பெரும்பாலும் முன்பதிவும் சான்றும் தேவைப்படும். மருத்துவரின் கடிதம், சிகிச்சை அட்டவணை, அடையாள அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்திருங்கள். பயணச் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள்.

உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து உதவ முன்வரும்போது, “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்ற பொதுவான வாக்குறுதியால் அதிகப் பயன் இருப்பதில்லை. நோயாளி ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டிய நிலையை அது உண்டாக்கிவிடும். ஒருவர் பொறுப்பேற்று, எந்த நாளுக்கு யார், அவர் வராவிட்டால் யார் என்று பெயர் எழுதி முறை வைத்துக்கொண்டால், ஒருவரே தம் கூலியை இழந்து நாள்தோறும் அலையும் சுமை பகிரப்படும். வண்டி ஓட்டுபவர் நோயைப் பற்றித் துருவிக் கேட்காமலும், கேட்டதை வெளியே சொல்லாமலும், மருத்துவ ஆலோசனை வழங்காமலும் இருப்பது நோயாளிக்கு அவர் செய்யும் பெரிய உதவி.

வழியில் உடலுக்கு வேண்டியவை

வாந்தி தடுக்கும் மாத்திரையைப் புறப்படுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் வயிற்றுப்போக்கும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் வரலாம். கழிப்பறைக்கு நிறுத்த இடமுள்ள வழியையும் மாற்றுடையையும் அப்போதே யோசித்து வைக்க வேண்டும். மார்பில் அறுவை செய்தவர்கள் இருக்கைப் பட்டைக்கும் உடலுக்கும் இடையே சிறு தலையணை வைத்துக்கொண்டால் அழுத்தம் குறையும். புற்றுநோயாளிகளுக்குக் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆதலால் நெடுந்தூரப் பயணத்தில் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

வழக்கமான பயணத் திட்டத்தோடு அவசரத்துக்கான திட்டம் ஒன்றும் தனியாக வேண்டும். கீமோ பெறும் காலத்தில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்நேரத்தில் யாரை எழுப்புவது, எந்த வண்டி, வழக்கமான மையம் தொலைவில் இருந்தால் அருகில் எந்த மருத்துவமனை என்பவற்றை முதல் கீமோவுக்கு முன்பே முடிவு செய்து, கதவருகே எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால்

கதிர்வீச்சில் இடைவெளி நீளும்போது எஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்களிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதன் பாதிப்பு தெளிவாக அறியப்பட்டது; கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முழுவதையும் எட்டு வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது அதனால்தான். ஆகவே வண்டி கிடைக்காமல் ஒரு நாள் தவறினால், திட்டுவார்களோ என்று அஞ்சி ஒதுங்கிவிடாமல், அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். வார இறுதியில் ஓர் அமர்வு சேர்த்தோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியுடன் இரண்டு அமர்வுகள் தந்தோ இழந்த நாளை ஈடுசெய்ய முடியும். அப்படிச் சொல்லும் போதே எதனால் வர முடியவில்லை என்பதையும் உள்ளபடி கூறி, மீதமுள்ள நாட்களுக்கான வாகன ஏற்பாட்டைச் சமூகப் பணியாளருடன் சேர்ந்து மறுபடி ஒழுங்குசெய்து கொள்ளுங்கள்.