ஊர்த் தேவாலயத்தின் நினைவுக்கற்களையும் வண்ணக் கண்ணாடி யன்னல்களையும் பதிவுசெய்தல்

திருகோணமலைக் கரையோரத்து ஊர்த் தேவாலயமொன்றில் உங்கள் குடும்பத்தின் பெயர் சேமக்காலையில் உள்ள நினைவுக்கல்லில் இருக்கலாம். உபயமாகக் கொடுத்த வண்ணக் கண்ணாடி யன்னலின் அடியிலும் எழுதப்பட்டிருக்கலாம். உப்புக்காற்றும் வாடைக்கால மழையும் இரண்டையும் தின்றுவருவதால், பங்குத்தந்தையின் அனுமதியைப் பெற்று, துப்புரவு செய்வதற்கு முன்னரே பதிவுசெய்துவிடுங்கள்.

கல்லைக் காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படமெடுக்க வேண்டும். அப்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். சுவரில் பதித்த கல்லுக்கு டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். எழுத்தைத் துலக்குவதற்காகச் சோக்கட்டி பூசுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், வெளிற்றும் திரவம் ஊற்றுவதும் கல்லைக் கெடுத்துவிடும். வாசகத்தை எழுத்துப்பிழை உட்பட உள்ளபடியே எழுதுங்கள். 'லை', 'ணை' போன்றவை பழைய கற்களில் தும்பிக்கைபோன்ற கொம்புடன் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய வடிவங்கள் அவை. வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளியிட்டு, உங்கள் ஊகத்தை வேறாகக் குறியுங்கள்.

திருகோணமலை நகரின் பழைய மயானத்தில், 1852இல் பர்மாவில் இறந்த கடற்படை அதிகாரி சாள்ஸ் ஒஸ்டினின் கல்லறை இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்பதால் அவரைத் தேடி வெளிநாட்டவரும் வருகிறார்கள். நம் பூட்டன் பூட்டியரின் கற்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

யன்னலுக்கோ மேகமூட்டமான நாளே உகந்தது. நேர்வெயிலில் சில துண்டுகள் வெளிறியும் சில இருண்டும் படத்தில் விழும். முழு யன்னலையும் எடுத்த பின்னர், உபயகாரர் பெயரை நெருக்கமாக எடுத்து, வெளிப்புறத்தையும் எடுங்கள். கண்ணாடியின் நீலம் பெரும்பாலும் கோபால்ட்டால் வந்தது. அந்த நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் உரிந்துபோகாது. ஆனால் முகம், ஆடை மடிப்பு, பெயரெழுத்து ஆகியவை மேலே தீட்டிச் சூளையில் சுடப்பட்டவை. அவை செதிலாக உரிவது தெரிந்தால் ஈரத்துணியால்கூடத் தொடாதீர்கள். துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டி வளைந்து யன்னல் வயிறு தள்ளியிருக்கிறதா, தாங்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருத்து அருகிலுள்ள கல்லை வெடிக்கச் செய்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சீமெந்து பூசி அடைக்க ஒருபோதும் இடம்கொடுக்க வேண்டாம்.

பெயர்களையும் ஆண்டுகளையும் பங்கின் மரணப் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி குடும்பங்கள் மெழுகுதிரியுடன் சேமக்காலைக்கு வரும்போது, படங்களை மூத்தவர்களிடம் காட்டி, அப்பெயருக்கு உரியவர் எந்த வீட்டார் என்று கேட்டு, சொன்னவரின் பெயரையும் அன்றைய திகதியையும் அருகில் எழுதிக்கொள்ளுங்கள்.