ஜன்னல் பேலன்ஸ் வாங்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்க வீடுகளில் மேலும் கீழும் தள்ளித் திறக்கிற ஜன்னல்கள் அதிகம். தூக்கிய சட்டத்தை அந்த இடத்திலேயே நிற்கவைப்பது பேலன்ஸ். முன்பு கயிறும் கப்பியும் இரும்புக் குண்டும் செய்த வேலையை இப்போது பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங் செய்கிறது. நியூ ஜெர்சியில் நான் பார்ப்பது இந்த பேலன்ஸ்களை மாற்றுகிற வேலைதான். புதிதாக வருகிற பையன்கள் நான் அன்று செய்த தப்புகளையே வரிசையாகச் செய்கிறார்கள். டேப்பை நேராகப் பிடி, ஸ்க்ரூவைத் தொலைக்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எடை பார்க்காமல் வாங்குவது

கையைக் கடிக்கிற தப்பு இதுதான், இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பழைய சேனல் பேலன்ஸை, அதாவது ஸ்பிரிங் உள்ளே இருக்கும் தகரப் பட்டியை, கழற்றி, 26 அங்குலம் என்று அளந்து, அதே நீளத்தில் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். சேனலைத் துடைத்துப் பார்த்தால் 2730 என்பதுபோல ஓர் எண் குத்தியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் நீளம், பெரும்பாலும் தகரத்தின் நிஜ நீளத்தைவிட ஒரு அங்குலம் கூடுதல். மிச்சமிருப்பது தாங்கும் எடைக்கான குறியீடு. அது பவுண்டு கணக்கு இல்லை, தயாரிப்பாளரின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு வீட்டில் எட்டு ஜன்னல்களுக்கு, கீழ்ச் சட்டங்களுக்கு மட்டும் 16 பேலன்ஸ், நீளத்தை மட்டும் பார்த்து வாங்கி மாட்டினேன். மாட்டிய அன்று எல்லாம் வெண்ணெய்போல ஏறி இறங்கியது. மறுநாள் காலையில் அந்த வீட்டம்மா கூப்பிட்டார்: குழந்தைகள் தூங்குகிற அறையில் ஜன்னல் தானாக இரண்டு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது, ஜனவரிக் குளிர் உள்ளே வருகிறது. ஸ்பிரிங்கின் இழுவை சட்டத்தின் எடையைவிட அதிகம். மாட்டிய சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை, 16 பேலன்ஸின் காசும் என் கையிலிருந்து போனது.

குத்தியிருக்கும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நடுவில் யாராவது ஒற்றைக் கண்ணாடியை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியின் எடையே இரண்டு மடங்காகியிருக்கும்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. பழைய எண் அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. வீட்டில் எடை பார்க்கிற மெஷினில் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், அப்புறம் உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அட்டவணை கேட்பது முழுச் சட்டத்தின் எடையா, ஒரு பேலன்ஸுக்கான பாதியா என்பதையும் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

வேண்டாம். சட்டம் கோணிக்கொள்ளும்.

ஸ்பைரலைக் கம்பியோடு அளப்பது

ஸ்பைரல் என்பது குழாய்க்குள் முறுக்கிய கம்பி இருக்கும் பேலன்ஸ். அதில் குழாயை மட்டும் அளக்க வேண்டும். குழாயின் விட்டத்தையும் நுனியின் நிறத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கயிறும் குண்டும் உள்ள ஜன்னலில் இரண்டு சட்டத்துக்கும் ஒரே கணக்கு போடுவது

மேல்சட்டத்தின் குண்டுகள் சட்டத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது மேலேயே நிற்கும். கீழ்ச்சட்டத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்தால்தான் மூடியபடி இருக்கும். கண்ணாடியை மாற்றினால் குண்டையும் மறுபடி எடைபோடுங்கள்.

ஷூவைப் பிடிக்காமல் பூட்டைத் திருப்புவது

உள்பக்கம் சாய்கிற ஜன்னலில் சட்டத்தைக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் இழுவையோடுதான் இருக்கும். ஷூ என்பது பக்கத் தடத்தில் ஏறி இறங்கும், சட்டத்தைத் தாங்கும் சின்னக் கட்டை; அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்பிய அடுத்த நொடி அது மேலே பாயும். என்னோடு வேலை பார்த்த பையனுக்குக் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. அதனால் ஸ்க்ரூடிரைவரை இறுக்கிப் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மெதுவாக மேலே விடுங்கள்.