ஓய்ந்துபோன வால்வு ஆம்ப்பை எழுப்புவது எப்படி

பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிக் கடைகளிலும், உறவினர் வீட்டு ஸ்டோர் அறையிலும் 1960-களின் வால்வு கித்தார் ஆம்ப்புகள், அதாவது வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள், இன்னும் தலைகாட்டுகின்றன. இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய கித்தார் குழுவான ஷேடோஸும் 1961-இல் சிங்கப்பூரில் வாசித்துவிட்டுப் போன பிறகு, மலாயா முழுக்கக் கித்தார் குழுக்கள் முளைத்தன. மலாய்க்காரர்கள் அவற்றைக் கூகிரான் என்றார்கள். நம் ஆட்களும் அதே கித்தாரைக் கல்யாண மேடைக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் கொண்டுபோனார்கள். வாக்ஸ், செல்மர், வாட்கின்ஸ் என்று அந்த மேடைகளில் நின்ற பெட்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. சரியாகப் பழுது பார்த்தால் அவை இன்னும் பல காலம் உழைக்கும்.

கையில் கிடைத்ததும் பலரும் செய்வது பிளக்கைச் சொருகிப் பார்ப்பது. பெட்டியைக் கொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பல வருஷம் ஓடாமல் இருந்தால், அதன் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். முழு வோல்டேஜும் ஒரே அடியாக விழுந்தால் அது ஷார்ட் ஆகும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வை இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். கெப்பாசிட்டர் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அசல் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டிகளுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும். ஒரு முனை சேசிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) மாட்டிய 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் மறுமுனையை இன்சுலேட் செய்த கிளிப்பால் கெப்பாசிட்டரின் பிளஸ் முனையில் பத்து விநாடி பிடித்து வையுங்கள். பிறகு மல்ட்டிமீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பின்புதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து. மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். உயர் வோல்டேஜில் பழக்கம் இல்லாதவர்கள் துடைப்பது, ஸ்பீக்கரைச் சோதிப்பது, படம் எடுப்பது ஆகியவற்றோடு நிறுத்தி, மற்றதை வால்வு ரேடியோ பழுது பார்த்த கைகளிடம் விட்டுவிடலாம்.

முதலில் ஈரத்தை விரட்டுங்கள்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் படி அநேகமாக இருக்காது. நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம். டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களுக்கு நடுவே உள்ள காகிதம் அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து இன்சுலேஷனை இழந்திருக்கும். பாகங்களைத் தாங்கும் பலகையிலும் மெல்லிய கசிவு உண்டாகும்.

சேசிஸைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் தெளிவாகப் படம் எடுங்கள். வால்வுகளைப் பிடுங்கும் முன் எது எந்தக் குழியில் இருந்தது என்று நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே பல்லி முட்டை, கரப்பான் எச்சம், எறும்புக் கூடு எதுவும் இருக்கலாம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் எடுங்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதினால் குப்பை வால்வு சாக்கெட்டுக்குள்தான் போய் ஒளியும். பிறகு ஏர்கான் போட்ட அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியோடு ஒரு வாரம் வையுங்கள். கருவி இல்லையென்றால், இரும்பு அலமாரிக்குள் 40 வாட் இழை பல்பை ஓரடி தள்ளி எரியவிட்டு, ஆள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து மூன்று நாள் உலர்த்தலாம்.

உலர்ந்ததும் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டர் தேவை. வயர்மேன்கள் எல்லோரிடமும் இருக்கும், அரை மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள். லைவையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கி, பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, அந்த முனைக்கும் சேசிஸுக்கும் இடையே அளக்க வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கெப்பாசிட்டர் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். பல பத்து மெகா ஓம் காட்டினால் நிம்மதி. 2 மெகா ஓம்முக்குக் கீழே என்றால் திரும்ப உலர்த்துங்கள். உலர்த்தியும் ஏறவில்லையா, அந்த டிரான்ஸ்ஃபார்மரை நம்ப வேண்டாம், சுருள் சுற்றுபவரிடம் கொடுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சாதாரண மல்ட்டிமீட்டரே போதும். நடு முனையிலிருந்து இரு பக்கமும் அளந்தால் ஏறக்குறைய ஒரே ஓம் வர வேண்டும். வெளிச்சுற்று நீளம் என்பதால் பத்து, இருபது சதவீத வித்தியாசம் சகஜம். ஒரு பக்கம் ஒன்றுமே காட்டவில்லையென்றால் பதறாதீர்கள். சுருளிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் அந்த நுனிதான் பச்சை பூத்து அறுந்திருக்கும். காகிதத்தை ஒரு மில்லிமீட்டர் விலக்கி, செம்பைச் சுரண்டி, மெல்லிய ஒயரைச் சோல்டர் செய்தால் பிழைத்துவிடும்.

மின் இணைப்பு

அன்றைய பெட்டிகளில் பலவற்றுக்கு எர்த் கிடையாது, இரண்டு கம்பி மட்டும். சேசிஸில் கசிவு இருந்தால் கித்தார் கம்பி முழுவதும் லைவ் ஆகும். பாடகர் வாயை மைக்கில் வைத்ததும் மின்சாரம் அவர் வழியாகப் பாயும். ஆகவே மூன்று கம்பி கேபிள் கட்டாயம். பழைய நிறத்தில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, எர்த்துக்கென்றே தனி போல்ட் முடுக்குங்கள். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விட நீளமாக விடுங்கள். யாராவது கேபிளில் தடுக்கி இழுத்தாலும் எர்த்தான் கடைசியில் அறும். பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள்.

பின்பக்கம் வோல்டேஜ் தேர்வு இருந்தால் 240 அல்லது 245-இல் வையுங்கள். நம் நாட்டின் அதிகாரபூர்வ வோல்டேஜ் 230 என்றாலும் வீட்டில் 240-க்கு மேலே வருவது சாதாரணம். ஃபெண்டர் போன்ற அமெரிக்கப் பெட்டி என்றால் 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 20 வாட் ஆம்ப்புக்கு 300 விஏ அளவு வாங்குங்கள். மலிவான இறக்கிகள் எர்த்தை மறுபக்கம் கொண்டுபோவதில்லை. வாங்குமுன் மல்ட்டிமீட்டரால் சோதிப்பது அவசியம்.

எதை மாற்றுவது, எதை விடுவது

எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது அந்தப் பெட்டிக்குச் செய்கிற அநியாயம். செத்ததையும் ஆளைச் சாகடிக்கக் கூடியதையும் மட்டும் மாற்றுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அறுபது வருஷம் ஆனதைத் தேற்றிப் பயன்படுத்துவது வீண். கோலாலம்பூர் புடு பக்கம் ஜாலான் பாசாரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். 105 டிகிரி, 450 அல்லது 500 வோல்ட் என்று கேளுங்கள். 16 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22 போடலாம். ஆனால் ரெக்டிஃபையரை ஒட்டிய முதல் கெப்பாசிட்டரில் கை தாராளம் கூடாது: ஜிசெட்34 வால்வுக்கு உச்ச வரம்பு 60 மைக்ரோஃபாரட், இசெட்81-க்கு 50. அதற்கு மேல் போனால், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் பாயும் மின்னோட்டம் ரெக்டிஃபையரைத் தின்னும். பழைய அலுமினியக் குப்பியை இணைப்பு எடுத்துவிட்டு அதே இடத்திலேயே நிற்க விடுங்கள்.

அடுத்தது, ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 அவுட்புட் வால்வுகளின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் கப்ளிங் கெப்பாசிட்டர்கள். இவை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சிக்னலை விட்டு, டிசியைத் தடுப்பவை. மெழுகு பூசிய காகித வகை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சோதனை எளிது. அவுட்புட் வால்வுகள் மட்டும் இல்லாமல் ஆம்ப்பை ஓட்டி, அந்தச் சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் டிசி அளந்தால் பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் பிளஸ் வந்தாலே மாற்றிவிடுங்கள். கசிவு கூடக்கூட வால்வின் பிளேட் (உள்ளே உள்ள வெளித்தகடு) சிவந்து எரியும்.

ரெசிஸ்டர்களை, மின்சாரம் இல்லாமலும் கெப்பாசிட்டர்கள் காலியாகவும் இருக்கும்போது, கழற்றாமலே அளக்கலாம். சுற்றில் வேறு பாதைகள் இருப்பதால் மீட்டர் குறைத்துக் காட்டலாமே தவிரக் கூட்டிக் காட்டாது. 100 கிலோ ஓம் என்று நிறம் சொல்லும் ரெசிஸ்டர் 130 காட்டினால், அது கெட்டதுதான். 20 சதவீதத்துக்குள் இருப்பதைத் தொட வேண்டாம்.

வால்வுகளைக் கண்ணால் பாருங்கள். உச்சியில் வெள்ளிக் கண்ணாடிபோல் மினுங்கினால் உள்ளே காற்று இல்லை. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் விரிசல் வழியே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வுக்கு உயிர் இல்லை. பழைய முல்லார்ட் வால்வு நல்ல நிலையில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பின்களில் துரு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துச் சாக்கெட்டில் நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள்.

முதல் மின்சாரம்

லைவ் கம்பியின் பாதையில் ஓர் இழை பல்பைத் தொடராக மாட்டிய பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். 15 வாட் ஆம்ப்புக்கு 60 வாட் பல்பு, வாக்ஸ் ஏசி-30 போன்றதற்கு 100 வாட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை பல்பு கிடைக்காவிட்டால் ஹாலஜன் சரி.

முதலில் வால்வே இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள். அடுத்து ரெக்டிஃபையர் மட்டும். இழுக்கும் சுமை இல்லாததால் இப்போது டிசி வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். கெப்பாசிட்டரின் 450-ஐத் தாண்டுகிறதா என்று கவனித்து, ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். பிறகு கித்தார் சிக்னலை முதலில் பெருக்கும் இசிசி83 வால்வுகளைப் போட்டு, மேலே சொன்ன கசிவுச் சோதனையைச் செய்யுங்கள். அதன் பிறகே அவுட்புட் வால்வுகள்.

அவற்றைப் போடும் முன் ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். சுமை இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷனைப் பொத்துக்கொண்டு பொறி பாயும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 காட்டும், 15 ஓம் ஸ்பீக்கர் 11 முதல் 13. கோனைக் கட்டைவிரல்களால் மெல்ல அழுத்தும்போது சரசரவென்று உரசினால், கோனை அசைக்கும் சுருள் (வாய்ஸ் காயில்) நகரும் இடைவெளியில் துரு இருக்கலாம். பூஞ்சை பூத்த கோனை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் துடைக்கலாம். தண்ணீரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது.

எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை நீக்கி முழு வோல்டேஜில் அளவுகளை எடுங்கள். ஹீட்டர் 6.3 வோல்ட் ஏசி, 6.9-ஐத் தாண்டினால் வோல்டேஜ் தேர்வை ஒரு படி மேலே வையுங்கள். அடுத்து அவுட்புட் வால்வு எவ்வளவு உழைக்கிறது என்று கணக்கிட வேண்டும். இரண்டு இஎல்84-க்கும் பொதுவாக, எலக்ட்ரான் கிளம்பும் முனையான கேத்தோடில் 130 ஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். அதன் மேல் 10.4 வோல்ட் இருந்தால் மொத்தம் 80 மில்லியாம்பியர், ஒரு வால்வுக்கு 40. அதில் ஸ்க்ரீனுக்கு (வால்வின் இன்னொரு முனை) 5 போனால் பிளேட்டுக்கு 35. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் என்றால் 10.5 வாட் ஆகிறது. இஎல்84-இன் உச்சம் 12 வாட். அதைத் தாண்டினால் 150 ஓம் போட்டுப் பாருங்கள்.

சத்தம் சொல்லும் நோய்

இரைச்சலை கித்தாரால் கண்டுபிடிக்கலாம். ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் இரைச்சல் அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளை கெப்பாசிட்டரோ, ஒன்றுக்கொன்று பொருந்தாத அவுட்புட் வால்வுகளோ காரணம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: ஹீட்டர் ஒயர், எர்த் இணைப்பு, கித்தார் கேபிள் என்று தேடுங்கள். "டப் டப்" என்று படகு மோட்டார் மாதிரி அடித்தால் முன் நிலைகளுக்குப் போகும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. வால்யூமைத் திருப்பும்போது கரகரத்து, கிளீனர் அடித்தும் போகவில்லையென்றால், குமிழைக் குறை சொல்லாதீர்கள். முந்தைய நிலையின் கப்ளிங் கெப்பாசிட்டர் டிசி கசியவிடுகிறது. வாசிக்காமலே பொரிகிற சத்தம் பெரும்பாலும் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர். பென்சிலால் தட்டும்போது மணிபோல் ஒலிக்கும் இசிசி83-ஐ முதல் குழியிலிருந்து பின்னால் தள்ளுங்கள், அங்கே தொந்தரவு தெரியாது.

அந்தக் காலத்து ஒலிக்கு பெடல் எதுவும் தேவையில்லை, ஒலியை எதிரொலிக்கும் டேப் எக்கோ மாதிரி ஒன்று போதும். 0.011-இல் தொடங்கும் கனமான கம்பி, பிரிட்ஜ் பிக்கப், ஆம்ப்பில் டிரெபிள் முக்கால், பாஸ் கால், வால்யூம் உடையத் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே. எக்கோவை 300 மில்லி விநாடிக்குள் வைத்து, அழுத்தி மீட்டாமல் கம்பியை மெல்லத் தொட்டால் மெல்லிசை மேடையில் கித்தார் குரலோடு மோதாமல் நிற்கும்.

பழுது பார்த்த பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நான்கு அங்குலமாவது உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஒட்டுப்பலகையைக் கரையான் அரிக்கிறதா என்று அடிப்பக்கத்தை அவ்வப்போது பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித் துணி போதும். மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஸ்பீக்கரோடு ஓடவிட்டு, அந்தச் சூட்டிலேயே காயவிடுங்கள்.