ராஜ வம்சம் என்று சொல்கிறவரோடு வீட்டுப் பிள்ளை போய்விட்டால்

நாங்கள் செட்டிநாட்டு நகரத்தார், எங்கள் அண்ணன் மகன் இப்படிப் போனவன்தான். இங்கே எழுதியிருப்பதில் பாதி, நாங்கள் முதலில் தப்பாகச் செய்து அப்புறம் திருத்திக்கொண்டது. ஒரே பிள்ளை, கோயம்புத்தூர்ப் பக்கம் தொழில், தேவகோட்டையில் வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் திறக்கிற வளவு (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு), அதில் அவனுக்கு ஒரு பெரிய பங்கு. வேறொரு பெண் பார்த்து, இசைபிடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுத நாள் குறிக்க இருந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: கல்யாணம் முடிந்துவிட்டது, தேட வேண்டாம். பெண் வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்து இளவரசியாம். கூட வந்த படத்தில், வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியோடு 'திவான்' என்று ஒருவர் பின்னால் நிற்கிறார். அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அண்ணன்தான் பட்டாலைத் திண்ணை அதிரக் கத்தினார்.

முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளையின் குரலைக் கேளுங்கள். செய்தி போதாது, குரல் வேண்டும். நன்றாக இருக்கிறானா, அவன் விருப்பத்தில் போனானா, கையில் பணம் இருக்கிறதா. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால் கல்யாணம் அவர்கள் பாடு. வயது வந்த இருவர் சேரக் குடும்பமோ சமூகமோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குரலே கேட்க முடியவில்லை, அடைத்து வைத்திருப்பார்களோ என்று நிஜமாகவே சந்தேகம் வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் சொன்ன யோசனை வேறு மாதிரி: கழுத்துரு என்கிற கல்யாணத் தாலி நகை திருட்டுப்போனதாக அந்தப் பெண் மேல் புகார் கொடுப்போம் என்றார். கழுத்துரு காரைக்குடி லாக்கரில் பத்திரமாக இருந்தது. இந்த மாதிரி யோசனை சொல்கிறவர் எல்லா வளவிலும் ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு காபி கொடுத்து முகப்பிலேயே உட்கார வையுங்கள். பொய்ப் புகார் கொடுத்தால் வழக்கு நம் மேலேயே திரும்பும், அதைவிட முக்கியம், பிள்ளை அதற்கப்புறம் போனை எடுக்க மாட்டான்.

இரண்டாவது வேலை, சமஸ்தானத்தைச் சோதிப்பது. எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) போய் அடுத்தாளாக (முதலாளின் ஏஜெண்டுக்கு அடுத்தவராக) உயர்ந்தவர். கடன் கேட்டு வருகிறவன் தலைப்பாகையைப் பார்க்காதே, பழைய கணக்குச் சிட்டையைப் பார் என்பார். அதே வழிதான் இதற்கும்.

முதலில் எந்த வகை அரசு என்று கேளுங்கள். சமஸ்தானம் (தனி மன்னர் ஆண்ட நாடு), ஜமீன் (அரசுக்கு வரி கட்டிய பெரிய நிலவுடைமை), பாளையம் (பழைய பாளையக்காரர் பகுதி) மூன்றும் ஒன்றில்லை. இன்றைய தமிழ்நாட்டுக்குள் பிரிட்டிஷ் காலத்தில் முழுச் சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டை. தொண்டைமான்கள் ஆண்டார்கள், 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. நாம் வாய் நிறைய ராஜா என்று சொல்கிற சிவகங்கையும் ராமநாதபுரமும் அந்தக் காலத்தில் ஜமீன்கள்தான், அந்த ஜமீன் முறையும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. நம் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-இல் பிரிட்டிஷ் அரசு ராஜா பட்டம் கொடுத்தது. அது பட்டம், ஆண்ட நாடு எதுவும் கிடையாது, அவரும் நாடு ஆண்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே 'நாங்கள் ராஜ குடும்பம்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர், எந்த வகை, கடைசியாகப் பட்டத்தில் இருந்தவர் யார், அவருக்கு நீங்கள் என்ன முறை என்று நான்கு கேள்வி கேளுங்கள். நிஜமானவர் மூச்சு விடாமல் சொல்வார், கூடவே தனக்கு வர வேண்டியதைத் தாயாதி எப்படித் தட்டிப் பறித்தார் என்றும் அரை மணி நேரம் சொல்வார்.

அப்புறம் ஒரு தேதி: 1971 டிசம்பர். அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர்களுக்கு இருந்த அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் அந்த மாதத்தோடு முடித்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் அரசாங்கம் யாரையும் மகாராஜா என்று ஏற்பதில்லை. அதனால் சமீபத் தேதியில் கோபுர முத்திரை போட்டு 'மேதகு இளவரசி' என்று ஒரு சான்றிதழை நீட்டினால், சான்றிதழே காட்டிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் திவான் அப்படி ஒன்றை லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.

வம்சாவளி தேட இரண்டு இடம் உண்டு. ஜமீன் என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, கெஜட்டியர்களும் உதவும். இரண்டாவது இடம் இன்னும் நல்லது: கோர்ட். தாயாதி வழக்கு இல்லாத அரச குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை. சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கு 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ந்தது, ராமநாதபுரத்தில் ராணி சுவீகாரம் எடுத்த வழக்கு 1868-இல் அதே இடத்தில். இந்து வாரிசுரிமை படிக்கிற மாணவர்கள் இன்றும் இந்த இரண்டையும் படிக்கிறார்கள். யார் யாருக்குப் பிறந்தார், யார் எப்போது செத்தார், எத்தனை மனைவி என்பதெல்லாம் தீர்ப்பிலேயே அச்சாகியிருக்கும். ஒரு நல்ல வக்கீல் குமாஸ்தாவுக்கு இரண்டு நாள் வேலை. இன்னொரு சுலபமான கேள்வியும் உண்டு: எந்தக் கோவிலில் உங்கள் வீட்டுக்கு முதல் மரியாதை? பதில் வந்தால் அந்தக் கோவிலுக்கே ஆளை அனுப்புங்கள். பரிவட்டம் யாருக்குக் கட்டினோம் என்பதைக் குருக்கள் மறக்க மாட்டார்.

பொருளைக் கண்டு மட்டும் மயங்காதீர்கள். இதைக் காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு மதியம் நடந்தால் வாள், வெள்ளிக் கூஜா, தஞ்சாவூர்ப் படம், யாரோ ஒருவரின் தாத்தா போட்டோ என்று அரண்மனைக்கு வேண்டியது எல்லாம் பேரம் பேசி வாங்கி வரலாம். எங்கள் இளவரசியின் வீட்டுக் கூடத்தில் 'மகாராஜா' என்று ஒரு பெரிய எண்ணெய்ப் படம் மாட்டியிருந்தது, பையன் அதைப் பெருமையாகப் படம் பிடித்து அனுப்பினான். அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு போனை நெருக்கிப் பார்த்து, 'இந்த மகாராசா கழுத்துல ஏன்டா கௌரிசங்கம் கெடக்கு?' என்றார். கௌரிசங்கம் எங்கள் ஆண்கள் அறுபதாம் கல்யாணத்தில் போடுகிற உருத்திராட்ச மாலை; படத்தில் இருந்தவர் யாரோ ஒரு செட்டியார் வீட்டு ஐயா. ஊட்டியில் ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியவில்லை, தப்பு எங்களுடையதுதான்.

இப்படி ஏமாறுவது நம் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. ஜார்ஜியாவிலிருந்து வெளியேறிய எம்திவானி சகோதரர்கள் இளவரசர் என்று தாங்களே பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு பணக்காரப் பெண்களாகப் பார்த்து மணந்தார்கள். அலெக்சிஸ் எம்திவானி 1933-இல் உல்வொர்த் கடைகளின் வாரிசு பார்பரா ஹட்டனை மணந்தார், 1935-இல் விவாகரத்து. டெல்லியில் விலாயத் மகல் என்பவர் தான் அவத் நவாப் வம்சத்து பேகம் என்று சொல்லி, பிள்ளைகளோடும் நாய்களோடும் புது டெல்லி ரயில் நிலையத்தில் வருடக்கணக்கில் குடியிருந்தார். அரசாங்கமே 1985-இல் மால்ச்சா மகல் என்ற பழைய வேட்டை மாளிகையைக் கொடுத்தது. கடைசியாக அங்கே இருந்த மகனும் 2017-இல் இறந்த பிறகு, 2019-இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் பார்த்ததில், லக்னோவில் உத்தியோகம் பார்த்த சாதாரணக் குடும்பம் என்று தெரிந்தது. மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். 1909-இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொன்ன வங்காளத்துப் பாவால் ஜமீன் குமாரர் 1921-இல் சாமியாராக டாக்காவுக்கு வந்தார், குடும்பத்தில் ஒரு பாதி போலி என்றது, 1946-இல் பிரிவி கவுன்சில் அவர்தான் என்று முடித்தது. அதனால் சோதித்துப் பார்க்கும்வரை போலி என்று வாயைத் திறக்காதீர்கள். போலியாகவே இருந்தாலும், பிள்ளையிடம் அதை முதல் போனில் சொல்லாதீர்கள்.

பணம் கேட்கும் விதம் பற்றி ஒன்று. காதலிக்கிறவர் கேட்க மாட்டார், கூட இருக்கிற திவான் கேட்பார். அரண்மனை வழக்கில் இருக்கிறது, தீர்ப்பு வந்துவிட்டது, கோர்ட்டில் கட்ட வேண்டிய தொகைதான் பாக்கி; மன்னர் மானியம் பல கோடி ரிசர்வ் வங்கியில் முடங்கியிருக்கிறது, எடுக்க வரி கட்ட வேண்டும்; கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது. இந்த மூன்றாவதைக் கேட்டவுடன் போனை வைத்துவிடலாம், நம் பக்கத்தில் எத்தனை பேர் இரிடியத்தில் வீடு இழந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரிய ஆஸ்தியை விடுவிக்கச் சிறிய தொகை கேட்டாலே அது மோசடி என்று நான் முடிவு செய்துவிடுவேன். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

சொத்து விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற பெரிய தப்பு, 'ஓடிப்போனவனுக்குப் பங்கு இல்லை' என்று அறிவிப்பது. அப்படிச் சட்டம் கிடையாது. சொந்தச் சம்பாத்தியத்தை நீங்கள் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். பூர்வீகத்தில் அவன் பங்கு அவன் பங்குதான், பெண் பிள்ளையாக இருந்தாலும் தமிழ்நாட்டில் 1989-லிருந்தும் நாடு முழுக்க 2005-லிருந்தும் அதே உரிமை. பயம் இருக்க வேண்டிய இடம் வேறு: அவன் யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துவிட்டானா? பதிவுத் துறை இணையதளத்தில் வளவுக்கும் காடு கழனிக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மாதம் ஒரு முறையாவது. பிரிக்காத வீட்டுப் பங்கை அவன் வெளியாளுக்கு விற்றாலும் கலங்க வேண்டாம். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூட இருக்க முடியாது என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் வைக்கும் விலைக்கு நாமே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் வழி விடுகிறது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வளவு 'குடியிருக்கும் வீடு' ஆகுமா என்று எதிர்த் தரப்பு கேட்கும், அதனால் மின் ரசீது, வரி ரசீது, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக் கூடியதற்கு அடையாளம் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். இரும்புப் பெட்டிச் சாவி யாரிடம் என்றும் ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் பதிவாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். எதிர்த் தரப்பில் ஏற்கனவே ஒரு துணை உயிரோடு, விவாகரத்து இல்லாமல் இருந்தால் இந்தக் கல்யாணமே செல்லாது. அரச வம்சமா இல்லையா என்பதைவிட இந்தக் கேள்விதான் கனமானது, ஆனால் நாங்கள் இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டோம்.

கோவில் விஷயம் சட்டத்துக்குள் வராது, வலிப்பதோ அதுதான். எங்கள் குலக் கோவிலிலிருந்து மாலை வராத கல்யாணம், கோவிலின் புள்ளிக் கணக்கில் (குடும்பங்களை எண்ணும் கணக்கில்) ஏறாத தம்பதி. அண்ணன் சொத்துக்குக் கத்தினார், அண்ணமிண்டி மாலைக்கு அழுதார். அந்தப் பேச்சைப் பிள்ளையிடம் எடுக்காதீர்கள், அவனுக்கே தெரியும். பங்காளிகள் கேட்டால் 'பதிவுக் கல்யாணம் ஆகியிருக்கிறது' என்ற ஒரு வரி போதும், அதற்கு மேல் கேட்கிறவர் உதவ வந்தவர் இல்லை.

ஒருவேளை வந்தவர் நிஜ ராஜ குடும்பமாகவே இருந்தால்? அதிலும் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே 1915-இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மெல்பர்னில் மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை, பிறந்த மகனுக்குப் பட்டம் வரவில்லை, மன்னர் வெளிநாட்டிலேயே இருந்து 1928-இல் பாரிஸில் இறந்தார், பட்டம் வேறு கிளைக்குப் போனது. ஆண்டுகொண்டிருந்த ராஜாவுக்கே இந்தக் கதி.

எங்கள் கதையில், பணம் வராது என்று தெரிந்த வாரமே திவான் காணாமல் போனார். பெண் போகவில்லை. பையனிடம் நாங்கள் எதையும் நிரூபிக்கவில்லை, வக்கீல் எடுத்த காகிதம் மேஜை டிராயரிலேயே இருந்தது. அண்ணமிண்டி மட்டும் வாரம் ஒரு முறை கூப்பிட்டு, சாப்பிட்டாயா, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நான்காவது மாதம் அவனே, 'நாங்க ரெண்டு பேரும் வரலாமா சித்தப்பா?' என்று எனக்குப் போன் செய்தான். சென்னையிலிருந்து பல்லவனில் இராத்திரி காரைக்குடியில் இறங்கினார்கள், காரை நானே ஓட்டிப்போனேன். வீட்டில் விளக்கு எல்லாம் எரிந்தது. இட்லியும் துவையலும் வைத்துவிட்டு அப்பத்தா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'ஒனக்கு எந்த ஊருத்தா?' என்று கேட்டார். அப்பத்தா தமிழில் கேட்டதை அவன் அவளுக்கு மொழிபெயர்த்தான். அவள் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த முறை நிஜ ஊரைச் சொன்னாள்.