உறங்கும் பாக்டீரியாக்களை ஒழித்துவிட்டோம் என்று அறிவிப்பதற்கு முன்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஒரு காலனிகூட (பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளி) இல்லாத வளர்ப்புத் தட்டை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து மகிழ்வதை அண்மையில் பார்த்தபோது, அதே மகிழ்ச்சியோடு நான் நின்ற நாள் நினைவுக்கு வந்தது. மருந்து கொடுக்கையில் வளராமல் உறங்கிக் கிடந்து தப்பும் சில பாக்டீரியாக்களையும் ஒழித்துவிட்டோமா என்று சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகளே கீழே உள்ளவை. கையுறை, கிருமிநீக்கம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

எதிர்ப்புத்திறன் என்று பெயரிடுவது

மருந்துக்குத் தப்பியவற்றை மீண்டும் வளர்த்து அதே மருந்தைக் கொடுத்தால், அவற்றின் சந்ததியும் முன்போலவே மடிகிறது; காப்பாற்றியது மரபணு மாற்றமன்று, உறக்கம்தான். பென்சிலினுக்குத் தப்பிய ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்களிடம் ஜோசப் பிக்கர் 1944இல் கண்டதும் இதுவே.

ஒரே ஒரு முறை எண்ணுவது

கூடாது. மருந்து கொடுத்தபின் உயிருள்ளவை நேரத்தோடு குறைவதைக் காட்டும் இறப்பு வரைகோடு செங்குத்தாகச் சரிந்த பிறகு எங்கே படுக்கிறது என்பதுதான் நமக்குத் தேவை; அங்கே எஞ்சுபவையே உறங்குபவை.

மருந்தையும் சேர்த்துத் தட்டில் பூசுவது

சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் பாக்டீரியக்கொல்லி மருந்தோடு ஒரு துணைச் சேர்மத்தைச் சேர்த்தால் உறங்கும் ஈ.கோலை பாக்டீரியாவும் மடியும் என்று நம்பியிருந்தேன். மருந்து மட்டும் கொடுத்த மாதிரிகளை முறைப்படி கழுவிவிட்டு, சேர்மம் கலந்தவற்றை மட்டும், எஞ்சிய சில செல்களையும் கழுவலில் இழந்துவிடுவோமே என்ற நினைப்பில் அப்படியே பூசினேன். மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் மருந்துள்ள திரவத்தில் 0.1 மில்லிலிட்டரை தட்டிலுள்ள 20 மில்லிலிட்டர் அகாரில் (வளர்ப்புக்கூழ்) பூசினால், அகார் முழுதும் பரவிய பின்னும் மில்லிலிட்டருக்கு 0.025 மைக்ரோகிராம் செறிவு நிற்கும்; நான் பயன்படுத்திய வகையின் வளர்ச்சியைத் தடுக்க 0.015 போதும். தட்டு வெறுமையாக இருந்ததில் வியப்பென்ன? இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று. நீர்க்காத மாதிரியைப் பூசிய தட்டில் ஒன்றுமில்லை, பத்து மடங்கு நீர்த்ததைப் பூசிய தட்டிலோ 11 காலனிகள் இருந்தன; நீர்த்ததில் மருந்தும் குறைந்திருந்தது. கண்ணெதிரே இருந்த அந்தத் தலைகீழ்க் கணக்கை மாசு என்று எழுதித் தட்டைக் குப்பையில் போட்டேன். நான்கு மாத உழைப்பு அதனோடு போயிற்று.

எல்லா மாதிரிகளையும் மையவிலக்கியில் சுழற்றி, மருந்தற்ற உப்புக்கரைசலில் இருமுறையாவது கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரில் எண்ணிக்கை தெரிந்த, மருந்து படாத பாக்டீரியாக்களைக் கலந்து பூசிப் பாருங்கள். அவை குறைந்தால் மருந்து இன்னும் போகவில்லை.

எழுப்பும் உத்தியை எல்லா மருந்துக்கும் பொருத்துவது

மேனிட்டால் போன்ற சர்க்கரைகள் உறங்கும் செல்களைக் கொல்ல ஜென்டாமைசின் என்னும் மருந்துக்கு உதவுவதை 2011இல் காட்டினார்கள். அவை செல்சவ்வின் மின்னழுத்தத்தை உயர்த்தி அம்மருந்தை உள்ளே இழுக்கச் செய்கின்றன. செல்லை மீண்டும் வளரவைப்பதில்லை. ஆகவே வளரும் செல்லை மட்டுமே கொல்லும் பென்சிலின் வகைகளுக்கு அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

மறுநாளே எண்ணி முடிப்பது

உறங்கியவை தாமதமாகவே காலனியாகும். 48 மணி நேரமாவது தட்டை வளர்ப்புக் காப்பகத்திலேயே (இன்குபேட்டர்) விட்டுவையுங்கள்.